பாராங்கத்தியைத் தேடாதீர்கள்

மலேசியாவின் தெலுக் இந்தானில் எங்கள் பின்வேலிக்கு அப்பால் செம்பனைத் (எண்ணெய்ப்பனை) தோட்டம். அங்கிருந்து எலி வரும். எலிக்குப் பின்னால் நாகம் வரும். ஆகவே முதலில் எலியைக் கவனியுங்கள். கோழித் தீவனத்தை மூடியுள்ள தகர டின்னில் வையுங்கள். தேங்காய் மட்டைக் குவியலை அகற்றுங்கள். குளியலறைச் சாக்கடைத் துளைக்குக் கம்பிவலை அடியுங்கள். என் மாமியார் வாசலில் உப்பு தூவுவார். நாகம் அதைப் பொருட்படுத்தியதே இல்லை. எலி விஷம் மட்டும் வேண்டாம். அதைத் தின்ற எலியைப் பிடிக்கும் கூகையும் சாகலாம்; எலி பிடிக்கவென்றே தோட்டங்களில் பெட்டி வைத்து வளர்க்கும் பறவை அது.

பாம்பு உள்ளே வந்துவிட்டால், அதை வெட்டப் பாராங்கத்தியை (நீளமான வெட்டுக்கத்தி) தேடாமல், தூர நின்று அது போகும் இடத்தைப் பார்த்தபடி அவசர உதவி எண் 999-ஐ அழையுங்கள். இங்கே விஷம் உமிழும் நாகமும் உண்டு; அந்த விஷம் கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, மருத்துவமனைக்குப் போங்கள்.

உடும்பா? கோழிக்குஞ்சுகளை அடைத்துவையுங்கள். தானாகப் போய்விடும்.