பெங்களூரு மழையும் புற்றுக் காளானும்: முதல் முறை பறிக்கப் போகிறவர்களுக்கு

ஏப்ரல் கடைசியில் இடியோடு ஒரு மழை அடித்து ஓய்ந்தால் லிங்கராஜபுரத்து வீட்டில் எனக்கு இருப்புக் கொள்ளாது. தேன்கனிக்கோட்டைப் பக்கம் இருக்கும் அத்தைக்குப் போன் போட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: "ஈசல் பறந்துச்சா?" "நேத்து ராத்திரி விளக்கப் போட முடியல பாப்பா, அம்புட்டு ஈசல்" என்று அவர் சொன்னால் அன்றிலிருந்து எனக்கு நாள் கணக்கு ஆரம்பம்.

பெங்களூரில் நம்மவர்களில் நிறைய பேர் சின்ன வயதில் ஊரில் காளான் குழம்பு சாப்பிட்டவர்கள். பறித்துக் கொடுத்தது பாட்டியாகவோ மாமாவாகவோ இருக்கும். நமக்கு ருசி தெரியும், அடையாளம் தெரியாது. மழைக்குப் பிறகு பார்க்கில் குடை விரித்து நிற்பதைப் பார்த்ததும் "இது ஊர்ல சாப்பிட்டதுதானே?" என்று கை போவது அதனால்தான். அந்தக் கையைக் கொஞ்சம் நிறுத்தி, ஒழுங்காகக் கற்றுக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

ஒரே ஒரு காளானைப் பிடித்துக்கொள்ளுங்கள்

இருபது வகையைக் கற்க ஆசைப்படாதீர்கள். முதல் வருடம் புற்றுக் காளான் மட்டும் போதும். நம் பக்கத்துக் காட்டுக் காளான்களில் ருசியில் இதற்கு இணை இல்லை என்பது என் எண்ணம். அடையாளங்களும் இதில் அதிகம்.

விஞ்ஞானப் பெயர் டெர்மிட்டோமைசிஸ். கறையான் புற்றுக்குள் வளர்கிற பூஞ்சை இது. கறையான்கள் காய்ந்த இலை, சுள்ளி, மரத்தூள் எல்லாவற்றையும் தின்று, அந்த எச்சத்தைக் கொண்டு தேன்கூடு போலத் துளைத்துளையாக ஒரு படுக்கை கட்டும். அதில் இந்தப் பூஞ்சை வளர்ந்து, கறையானால் நேரடியாகச் செரிக்க முடியாததை உணவாக மாற்றிக் கொடுக்கும். மண்ணுக்கடியில் கறையான் செய்யும் விவசாயம் என்றே சொல்லலாம். மழைக்காலத்தில் அந்தப் படுக்கையிலிருந்து ஒரு தண்டு மண்ணைத் துளைத்து மேலே வந்து குடை விரிக்கும். அதுதான் நாம் பறிப்பது. புற்று கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. மேடு எழுப்பாமல் தரைக்குள்ளேயே வாழும் கறையான்களும் உண்டு. வெறும் தரையில், வரப்பு ஓரத்தில், வேலிக்கடியில் இது முளைப்பது அதனால்தான்.

அரிசிக் காளான் என்று பொடிப்பொடியாக வெள்ளை வெளேரென்று நூற்றுக்கணக்கில் முளைப்பதும் இதே குடும்பம்தான். ஆனால் அதற்கு நீண்ட வேர் இருக்காது. நான் சொல்லப்போகும் முக்கியமான அடையாளமே அதில் இல்லாததால், அதை இரண்டாம் வருடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எப்போது போக வேண்டும்

பெங்களூருக்கும் ஓசூர் வட்டாரத்துக்கும் மழை மூன்று தவணையாக வருகிறது. சித்திரை, வைகாசியில் மாலை நேரத்து இடி மழை. ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழை. அது முடிகிற நேரத்தில் அக்டோபர், நவம்பரில் வடகிழக்கின் பங்கு. பெங்களூரில் பொதுவாக அதிகம் கொட்டுவது செப்டம்பரில், அதாவது ஆவணி கடைசியும் புரட்டாசியும். கவிச்சி சேர்க்காத அந்த மாதத்தில் காளான் கிடைப்பது எங்கள் வீட்டில் ஒரு தனிச் சந்தோஷம்.

முதல் மழைக்கு ஈசல் பறக்கும், காளான் அதற்குப் பிறகுதான். இதற்குப் பின்னால் ஓர் ஒழுங்கு இருக்கிறது. பறந்த ஈசல் ஜோடி சேர்ந்து, இறகை உதிர்த்து, மண்ணுக்குள் புதுக் குடும்பம் தொடங்கும். அங்கே பிறக்கும் முதல் வேலைக்காரக் கறையான்கள் வெளியே வருவதற்கு வாரங்கள் ஆகும். வெளியே வரும்போது அவை பொறுக்கிக்கொண்டு போக, காளானின் வித்துத்தூள் தரையில் உதிர்ந்து கிடக்க வேண்டும். பெரும்பாலான வகைகளில் புதுப் புற்றுக்குப் பூஞ்சை போய்ச் சேர்வது இப்படித்தான். அதனால் ஈசல் பறந்த மறுநாளே கூடையோடு ஓடாதீர்கள். அத்தையின் கணக்கு ஈசலுக்குப் பிறகு நல்ல மழை இரண்டு, மூன்று பார்த்து, அதன்பின் புழுக்கமான நாள்கள். தொடர்ந்து கொட்டிக்கொண்டே இருந்தாலும் வராது, சுள்ளென்று வெயில் காய்ந்தாலும் வராது. ராத்திரி மழை, பகலில் கசகசப்பு, இப்படி இரண்டு மூன்று நாள் போனால் மறுநாள் விடிகாலையில் தரையைப் பாருங்கள்.

இடி இடித்தால் காளான் முளைக்கும் என்று பெரியவர்கள் சொல்வதைச் சும்மா ஒதுக்க வேண்டாம். ஜப்பானில் இவாதே பல்கலைக்கழகத்தில் காளான் வளர்க்கும் மரக்கட்டைகளுக்கு மின்னல் போல உயர் மின்னழுத்தத் துடிப்பு கொடுத்துப் பார்த்தபோது விளைச்சல் கூடியிருக்கிறது. புற்றுக் காளானுக்கும் அது பொருந்துமா என்பது வேறு கேள்வி.

நேரம், காலை ஆறரைக்கு முன். மொட்டாகவோ பாதி விரிந்தோ இருக்கும்போதுதான் ருசி. பத்து மணி வெயில் பட்டால் குடை தட்டையாகி ஓரம் கிழியும், அடியில் பூச்சி ஏறிவிடும்.

எங்கே போகலாம்

லால்பாக்கிலும் கப்பன் பார்க்கிலும் மழைக்காலத்தில் விதவிதமான காளான்களைப் பார்க்கலாம். குனிந்து பாருங்கள், போட்டோ எடுங்கள், பறிக்காதீர்கள். பன்னேர்கட்டா தேசியப் பூங்கா, காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் போன்ற இடங்களில் எதையும் எடுத்து வருவது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். யானை நடமாடும் காடு வேறு, விடிகாலையில் அங்கே நமக்கு வேலை இல்லை.

சாலையோரம், ஏரிக்கரை, தொழிற்பேட்டை, குப்பை கொட்டும் இடம் இவற்றில் முளைப்பது நல்ல வகையாகவே இருந்தாலும் வேண்டாம். காளான் மண்ணிலிருக்கும் ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களை உறிஞ்சித் தன்னுள் சேர்த்துக்கொள்ளும். ஆகவே நகரத்துக்குள் பார்ப்பதோடு சரி, பறிப்பது ஊரில். உறவினர் நிலம், தெரிந்தவர் தோப்பு, அதுவும் கேட்டுக்கொண்டுதான். பாலூற்றிக் கும்பிடும் புற்று என்றால் கை வைக்காதீர்கள். எந்தப் புற்றாக இருந்தாலும் துளைக்குள் கை விடாதீர்கள், பாம்பு இருக்கலாம்.

மூங்கில் கூடை, சின்னக் கத்தி, ஒரு கூரான குச்சி, பழைய செய்தித்தாள். இவ்வளவுதான் சாமான். பிளாஸ்டிக் கவரில் போட்டால் வேர்த்து, வீடு வருவதற்குள் கெட்டுவிடும்.

தலையை விடு, காலைப் பார்

நான் முதன்முதலில் பறித்தபோது தண்டைப் பிடித்துப் பட்டென்று ஒடித்தேன். அத்தை என் கையைத் தட்டிவிட்டார். "தலயப் பாத்து எடுக்காத பாப்பா, காலப் பாத்து எடு" என்றார். இந்த விஷயத்தில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய பாடம் அதுதான்.

குச்சியால் தண்டைச் சுற்றி மண்ணை மெதுவாகக் கிளறுங்கள். தண்டு மண்ணுக்குள் போகப் போக முதலில் கொஞ்சம் தடிக்கும், பிறகு முள்ளங்கி போலச் சிறுத்துக்கொண்டே இறங்கும். சில சமயம் ஒரு சாண், சில சமயம் முழங்கை அளவு. வெளியே வெள்ளையாகவோ பழுப்பாகவோ, மண் ஒட்டிய தோலோடு இருக்கும். நுனிவரை போனால் கறையான் ஓடும். புற்றைக் கெடுக்காமல், வேர் தெளிவாகத் தெரிந்த இடத்தில் கத்தியால் அறுத்துவிடுங்கள். அடுத்த வருடமும் அதே இடத்தில் வர வேண்டும்.

இனி தலையைப் பாருங்கள். குடையின் நட்ட நடுவில் விரலால் அழுத்தினால் கெட்டியான ஒரு முனை தட்டுப்படும். மண்ணைக் குத்திக்கொண்டு வந்தது அதுதான். நிறம் சாம்பலாகவோ பழுப்பாகவோ இருக்கும், ஓரத்தில் வெளிறும். அடியில் இருக்கும் மடிப்புகள் முதலில் வெள்ளை, முற்ற முற்ற இளஞ்சிவப்பு.

இப்போது விடவேண்டியவை. தண்டின் அடியில் முட்டை ஓடு உடைந்தது போல ஒரு கிண்ணம் இருந்தால் தொடாதீர்கள். தண்டில் பாவாடை போல ஒரு வளையம் இருந்தாலும் முதல் வருடம் விட்டுவிடுங்கள். வளையம் உள்ள புற்றுக் காளானும் இருக்கிறது, ஆனால் அதைப் பிரித்தறிய உங்களுக்கு இன்னும் பழக்கம் வரவில்லை. கிண்ணம், வளையம், முற்றினாலும் வெள்ளையாகவே இருக்கும் மடிப்பு இவை மூன்றும் சேர்ந்து வந்தால் அது அமானிட்டா இனத்தின் கொடிய வகையாக இருக்கலாம். உலகில் காளான் தின்று இறப்பவர்களில் பெரும்பாலோர் அந்த இனத்தால்தான் இறக்கிறார்கள். தண்டை ஒடித்துப் பறித்தால் கிண்ணம் மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும். அத்தை என் கையைத் தட்டிவிட்டது இதற்காகத்தான்.

ராத்திரி முழுக்கக் காகிதத்தில்

பறித்ததில் நன்றாக விரிந்த ஒன்றை எடுத்துத் தண்டை நறுக்குங்கள். பாதி வெள்ளை, பாதி கறுப்பாக இருக்கும் காகிதத்தில் மடிப்புப் பக்கம் கீழே இருக்கும்படி வைத்து, ஒரு டம்ளரால் மூடுங்கள். காலையில் குடையைத் தூக்கினால் காகிதத்தில் மடிப்புகளின் வரிவரியான கோலம் இருக்கும். அதுதான் வித்துத்தூள். புற்றுக் காளானுக்கு அது வெளிறிய இளஞ்சிவப்பு. அமானிட்டாவுக்கு வெள்ளை. நிறம் இளஞ்சிவப்பாக இருந்தால் மட்டும் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். என்டலோமா என்ற இனத்துக்கும் அதே நிறம், அதில் பல வகை விஷம். வேர், கெட்டி முனை, மடிப்பு, தூள், முளைத்த இடம் எல்லாம் ஒன்றாகப் பொருந்த வேண்டும். ஒன்று பொருந்தாவிட்டாலும் தூக்கிப் போடுங்கள்.

இந்தச் சோதனையைச் செய்யாததால் என் தம்பி பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். அவன் குடியிருந்த அபார்ட்மென்டின் புல்தரையில் மழைக்குப் பிறகு தட்டு அகலத்துக்கு வெள்ளைக் குடைகள், மேலே பழுப்புச் செதில், வட்டமாக வரிசை கட்டி நின்றன. பார்க்க அத்தனை அழகு. "ஊர்ல பாத்த மாதிரியே இருக்குக்கா" என்று பறித்து வதக்கிச் சாப்பிட்டுவிட்டான். இரண்டு மணி நேரத்தில் வாந்தி, வயிற்றுப்போக்கு. விடியும்வரை ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏறியது. மிச்சமிருந்த ஒரு குடையை மறுநாள் நான் காகிதத்தில் கவிழ்த்து வைத்தேன். தூள் பாசிப் பச்சையில் இறங்கியிருந்தது. குளோரோபில்லம் மாலிப்டைட்டீஸ் என்று அதற்குப் பெயர். பச்சைத் தூள் இறக்கும் காளான் மிக அரிது என்பதால் காகிதம் இதைத் தவறாமல் காட்டிக்கொடுத்திருக்கும். இளசாக இருக்கும்போது இதன் மடிப்பு வெள்ளையாக இருக்கும், அதனால்தான் ஏமாந்துபோகிறார்கள். புல்தரைக் காளான் எதையும் சமைக்காதீர்கள் என்று நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வது அந்த ராத்திரிக்குப் பிறகுதான்.

இவற்றை நம்பாதீர்கள்

வெள்ளிக் கரண்டி கறுக்காவிட்டால் நல்லது, பூண்டோ அரிசியோ நிறம் மாறாவிட்டால் நல்லது, பூச்சி அரித்திருந்தால் நல்லது, தோல் உரிந்தால் நல்லது. இவை எல்லாமே தவறு. அமானிட்டாவின் விஷம் எவ்வளவு கொதிக்க வைத்தாலும் போகாது. 2022 ஏப்ரலில் அசாமில் காட்டுக் காளான் சாப்பிட்ட 13 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். போனில் போட்டோ எடுத்துப் பெயர் சொல்லும் செயலிகள் பழகுவதற்கு உதவும், சமைக்கலாமா என்பதை அவற்றிடம் விடாதீர்கள். வருடக்கணக்கில் அதே காளானைப் பறித்துச் சாப்பிட்ட ஒருவர் உங்கள் கூடையில் உள்ள ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் பார்த்து "சரி" என்று சொல்ல வேண்டும். அப்படி ஒருவர் கிடைக்கும்வரை பார்ப்பதும் காகிதத்தில் தூள் இறக்குவதும் மட்டுமே.

சமைக்கும் நாள்

மண்ணைச் சுரண்டி, ஓடும் தண்ணீரில் சட்டென்று அலசுங்கள். ஊறவிட்டால் பஞ்சு போல நீர் குடிக்கும். கையாலேயே நீளவாக்கில் கிழியுங்கள், கோழிக்கறி போல நார்நாராக வரும். சின்ன வெங்காயம், பூண்டு, மிளகு, நல்லெண்ணெய். தண்ணீர் விட்டு, அது வற்றும்வரை நன்றாக வேக வேண்டும். எங்கள் பக்கம் களிக்குக் குழம்பாக வைப்பார்கள். தூள் இறங்கும் அந்த ஒரு ராத்திரி மட்டும் மற்றவற்றைக் காகிதத்தில் சுற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள். காலையில் எல்லாம் பொருந்தினால் உடனே சமையுங்கள், அதற்கு மேல் வைத்தால் நாற்றம் வந்துவிடும்.

முதல் தடவை இரண்டு கரண்டி மட்டும், பெரியவர் ஒருவர் மட்டும். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் வேண்டாம். சமைக்காத ஒன்றை வேரோடு காகிதத்தில் சுற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள். உடம்புக்கு ஏதாவது ஆனால் டாக்டரிடம் காட்ட அது வேண்டும்.

வாந்தி ஓரிரு மணி நேரத்தில் வந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஆனால் ஆறு மணி நேரம் கழித்தோ மறுநாளோ ஆரம்பித்தால் அதுதான் அதிக ஆபத்து. அமானிட்டா விஷத்தில் வாந்தியும் பேதியும் தாமதமாகத் தொடங்கி, பிறகு ஒருநாள் நின்றுபோய், குணமானது போலத் தோன்றும். அந்த நேரத்தில் உள்ளே கல்லீரல் அழிந்துகொண்டிருக்கும். "சரியாப் போச்சு" என்று வீட்டில் இருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு, ஃபிரிட்ஜில் வைத்ததையும் எடுத்துக்கொண்டு, பெரிய ஆஸ்பத்திரிக்கே போங்கள். கூடச் சாப்பிட்ட எல்லோரும் போக வேண்டும், நன்றாக இருப்பவர்களும்தான்.

நோட்டில் எழுதுங்கள்

புற்றுக் காளான் பெரும்பாலும் அதே இடத்தில், ஏறக்குறைய அதே வாரத்தில் வருடா வருடம் வரும். அத்தை நினைவு வைத்திருப்பது பண்டிகையால்: "ஆடிப் பதினெட்டுக்கு மறுவாரம், புளியமரத்தடி". நான் எழுதி வைக்கிறேன். ஈசல் பறந்த தேதி, மழை பெய்த நாள்கள், காளான் கண்ட தேதி, எந்த வரப்பு, எந்த மரம். விரிந்து முற்றிய இரண்டு மூன்றைப் பறிக்காமல் வித்து உதிர விட்டுவிட்டு வாருங்கள், அதையும் எழுதுங்கள். அடுத்த வருடம் அந்தத் தேதிக்கு ஒரு வாரம் முன்னிருந்தே விடிகாலையில் அந்த மரத்தடிக்குப் போய்ப் பாருங்கள்.