கேமரா வைத்தால் கண் வந்துவிடாது

கொடைக்கானல் பக்கம் பூம்பாறையில் பூண்டு போடும் மாமா ஒரு நாள், கேமரா வைத்த கண்ணாடி பார்வை இல்லாதவருக்குப் பார்வை தரும் என்று சொல்லும் வாட்ஸ்அப் வீடியோ ஒன்றைக் காட்டி, "மாப்ளே, இந்தக் கண்ணாடிய மாட்டினா பூண்டு தரம் பிரிக்கலாமா?" என்று கேட்டார். இருபது வயதிலிருந்தே அந்தி சாய்ந்தால் அவருக்கு வரப்பு தெரியாது. மாலைக்கண் என்று சொல்லி, தோட்டத்துக் கேரட்டைத் தின்றே பல வருஷம் போனது. கடைசியில் மதுரைக்குக் கூட்டிப்போனபோதுதான் விழித்திரைச் செல்கள் மெல்லச் சாகும் பரம்பரை நோய் என்று தெரிந்தது. இருட்டில் தடுமாறினாலே சத்துக் குறைவு என்று முடிவு கட்டுவது முதல் தவறு. சொந்தத்திலேயே பெண் எடுக்கும் குடும்பங்களில் இந்த நோய்க்கு வாய்ப்பு கூடுதல்.

சரி, மாமா கேட்ட கண்ணாடிக்கு வருவோம். கேமரா படத்தை அப்படியே மூளைக்கு அனுப்புகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். மூளைக்குப் போய்ச் சேர்வது படம் அல்ல, நரம்புத் துடிப்பு. அமெரிக்காவில் 2013-ல் அனுமதி பெற்ற ஆர்கஸ் 2 கருவியில் மூக்குக்கண்ணாடியில் கேமரா இருக்கும். இடுப்பில் கட்டிய சின்னக் கணினி படத்தைச் சுருக்கி, கம்பியில்லாமல் கண்ணுக்குள் அனுப்பும். விழித்திரை மேல் பொருத்திய 60 மின்முனைகள், அங்கே உயிரோடு மிஞ்சியிருக்கும் செல்களைத் தூண்டும். அந்தத் துடிப்பு பார்வை நரம்பு வழியாக மூளையின் பின்பகுதிக்குப் போகும். ஆரோக்கியமான பார்வை நரம்பில் சுமார் 10 லட்சம் இழைகள். இங்கே வெறும் 60 முனைகள். ராத்திரி கொடைக்கானல் கோக்கர்ஸ் வாக்கில் நின்று கீழே பார்த்தால் பெரியகுளம் புள்ளிப் புள்ளியாக மினுங்குமே, ஏறக்குறைய அப்படித்தான். ஊர் இருப்பது தெரியும், யார் வீடு என்பது தெரியாது. வாசல் எந்தப் பக்கம், குறுக்கே ஆள் போகிறாரா என்பது வரை பிடிபடலாம். பூண்டின் தரம் பிடிபடாது.

எந்தப் பார்வையிழப்புக்கும் இது உதவும் என்று நம்புவது இன்னொரு தவறு. கிளாக்கோமாவில் பழுதாவது பார்வை நரம்பே. வழியே அடைபட்ட பிறகு விழித்திரையைத் தட்டி என்ன பயன்? வத்தலக்குண்டு ரோட்டில் மண் சரிந்தால் பழனி வழியாகச் சுற்றி வருகிறோம் இல்லையா, அதுபோல நரம்பை விட்டுவிட்டு மூளையின் மேலேயே மின்முனை வைக்கும் முயற்சியும் உண்டு. 1968-லேயே இங்கிலாந்தில் பிரிண்ட்லியும் லெவினும் இதைச் செய்து, ஒளிப்புள்ளிகள் தெரிவதைக் காட்டினார்கள். ஆனால் அதற்கு மண்டையோட்டைத் திறக்க வேண்டும். பிறவியிலேயே பார்வை இல்லாதவரின் மூளை பார்க்கப் பழகியதே இல்லை; அவருக்கு இது இன்னும் கடினம்.

ஆபரேஷனோடு வேலை முடிவதில்லை. கேமரா கண்ணாடியில் இருப்பதால் கண்ணை உருட்டிப் பயனில்லை, தலையைத் திருப்ப வேண்டும். அந்தப் புள்ளிகளுக்கு அர்த்தம் கண்டுபிடிக்கவே மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும்.

என்னைக் கேட்டால், எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு கருவியைச் செய்யும் கம்பெனி நிலைக்குமா என்று விசாரிக்காமல் விடுவது. ஆர்கஸ் 2-ஐத் தயாரித்த செகண்ட் சைட் 2019-ல் அந்த உற்பத்தியை நிறுத்தியது. பொருத்திக்கொண்டவர்கள் உதிரி பாகமும் ரிப்பேரும் கிடைக்காமல் திண்டாடினார்கள். மிக்ஸி என்றால் வேறு கம்பெனி வாங்கிக்கொள்ளலாம், இது கண்ணுக்குள் இருக்கிறதே!

2025-ல் பிரிமா என்ற, கண்ணுக்குள் வைக்கும் 2 மில்லிமீட்டர் மின்னணுச் சிப்பின் பரிசோதனை முடிவுகள் வெளிவந்தன. ஒரு வருடம் தொடர்ந்து பரிசோதிக்கப்பட்ட 32 பேரில் 26 பேருக்கு எழுத்துகளைப் படிக்கும் திறன் குறிப்பிடத்தக்க அளவு கூடியிருந்தது. நல்ல சேதிதான். ஆனால் அது முதுமையில் நடுப்பார்வை போனவர்களுக்கு. மாமாவுக்கு நேர் எதிர்: ஓரம் போய்விட்டது, நடுவில் குழாய் வழியே பார்ப்பதுபோல் கொஞ்சம் மிச்சம். அந்த மிச்சம் இருக்கும்வரை இப்படிப்பட்ட கருவிக்கு அவரைச் சேர்க்க மாட்டார்கள்.

அப்புறம், புதுசாக ஏதோ கேமரா வருகிறதாம் என்று கண்புரை ஆபரேஷனைத் தள்ளிப்போடும் பாட்டிகளையும் பார்த்துவிட்டேன். புரைக்குக் கேமராவும் வேண்டாம், மின்முனையும் வேண்டாம். லென்ஸை மாற்றினால் போதும்.

மாமா இப்போது உச்சி வெயிலில் முற்றத்தில் சாக்கை விரித்துத்தான் பூண்டைப் பிரிக்கிறார். பனி இறங்குவதற்குள் மூட்டை கட்டிவிடுகிறார்.