தங்க பிளக் வாங்கும் முன் சாக்கெட்டைப் பாருங்கள்

ஒரு ஸ்பீக்கரில் மட்டும் கரகரவென்று சத்தம். கேபிளைச் சற்றுத் திருகினால் நிற்கிறது, சில வாரங்களில் மறுபடி வருகிறது. இந்த நிலையில் பலரும் தங்க முலாம் பூசிய கேபிளைத்தான் தேடுவார்கள். அது போய்ச் சேரும் சாக்கெட் என்ன உலோகம் என்பதை முதலில் பார்த்துவிடலாம்.

படி 1: ஆம்ப்ளிஃபயரை அணையுங்கள். ஆர்சிஏ பிளக்கில் (ஆடியோ கருவிகளை இணைக்கும், நடுவில் முள்ளும் சுற்றிலும் உலோக வளையமும் உள்ள பிளக்) நடுமுள்தான் முதலில் தொடும், வெளி வளையம் அப்புறம்தான். ஆம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது செருகினால் அந்த இடைவெளியில் ஸ்பீக்கர் பலமாக உறுமும்.

படி 2: டார்ச் அடித்து நிறம் பாருங்கள். மஞ்சள் என்றால் பெரும்பாலும் தங்க முலாம். பழுப்பேறிய மஞ்சள் வெறும் பித்தளையாக இருக்கலாம். பளபளக்கும் வெண்மை பெரும்பாலும் நிக்கல், மங்கலான வெண்மை வெள்ளீயம், கறுத்துப்போன வெண்மை வெள்ளி. நிக்கலா வெள்ளீயமா என்று கண்ணால் மட்டும் பிரிப்பது கஷ்டம். கருவியின் விவரக்குறிப்பில் இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

படி 3: ஜோடி சேருங்கள். தங்கத்துக்குத் தங்கம், வெள்ளீயத்துக்கு வெள்ளீயம். வெள்ளீயத்தின் மேல் எப்போதும் மெல்லிய ஆக்சைடு படலம் இருக்கும். அடியில் உள்ள உலோகம் மென்மையானது என்பதால், அழுத்திச் செருகியதும் படலம் நொறுங்கி உலோகமும் உலோகமும் தொட்டுக்கொள்ளும். எதிரே தங்கம் இருந்தால்தான் வம்பு. ஸ்பீக்கர் அதிர்வாலும் சூடேறி ஆறுவதாலும் இரண்டும் மைக்ரான் கணக்கில் உரசிக்கொண்டே இருக்கும். வெள்ளீயத் துகள் தங்கத்தின் மேல் ஒட்டி, அங்கேயே ஆக்சைடாகிப் படிந்துவிடும். தங்க முலாமுக்கு அடியில் வழக்கமாகக் கடினமான நிக்கல் இருப்பதால், அங்கே படிந்தது எளிதில் நொறுங்காது. கரகரப்பு இப்படியும் வரும். போதாக்குறைக்கு, ஈரம் சேர்ந்தால் வெள்ளீயம் அரிக்கப்படும்.

நிக்கல் சாக்கெட்டில் தங்க பிளக்? அவ்வளவு மோசமில்லை, ஆனால் பெரிய லாபமும் இல்லை. நிக்கல் பிளக்கே போதும் என்பேன். மின்சாரத்தைக் கடத்துவதில் வெள்ளியும் செம்பும் தங்கத்தை மிஞ்சுபவை. தங்கத்தைப் பூசுவது, அது களிம்பேறாது என்பதற்காகத்தான்.

படி 4: துடையுங்கள். நூல் உதிராத துணியில் ஐசோப்ரோபைல் ஆல்கஹால் நனைத்துத் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம். தங்க முலாம் பெரும்பாலும் ஒரு மைக்ரான் தடிமன்கூட இருக்காது. பிறகு மூன்று நான்கு முறை செருகி எடுங்கள்.

படி 5: ஸ்பீக்கர் வயர். கறுத்த நுனியை வெட்டி, புதிதாகச் சீவிய செம்பை முறுக்கி மாட்டுங்கள். திருகு முனைக்குள் போகும் நுனியில் சால்டர் (உருக்கி ஒட்டும் மென்மையான உலோகக் கலவை) வைக்காதீர்கள். திருகின் அழுத்தத்தில் அது மெல்ல நசுங்கிக்கொடுத்து, பிடி தளர்ந்துவிடும்.

கடைசியாக, கேபிளின் எடை சாக்கெட்டில் தொங்காதபடி ஏதாவது முட்டுக்கொடுத்து வையுங்கள். சாக்கெட்டே தொளதொளவென்று இருந்தால் அதை மாற்றியாக வேண்டும், எந்த முலாமும் உதவாது.