ஜெசப் மூட் போட்டிக்கு முதல் மெமோரியல் எழுதுவது எப்படி?

போன வாரம் எங்கள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் தங்கை ஒருத்தி போன் செய்தாள். ஜெசப் அணியில் சேர்த்துவிட்டார்களாம். போட்டி வழக்கின் விவரம் இருக்கும் காம்ப்ரமியைப் பிரின்ட் எடுத்து மூன்று நாள் ஆகியும் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை என்றாள். ஒரு மணி நேரம் பேசினோம். அவளிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஜெசப் என்பது 1960-இல் தொடங்கிய சர்வதேச சட்ட மூட் போட்டி, அதாவது மாணவர்கள் வாதாடும் மாதிரி நீதிமன்றப் போட்டி. பிலிப் ஜெசப் என்ற அமெரிக்கரின் பெயரில் நடக்கிறது. அவர் பிறகு 1961 முதல் 1970 வரை சர்வதேச நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தார். கற்பனையான இரண்டு நாடுகள் ஹேக் நகரில் இருக்கும் அந்த நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கைக் கொண்டு போகின்றன. நீங்கள் இரண்டு பக்கத்துக்கும் மெமோரியல், அதாவது எழுத்து வடிவ வாதம், எழுத வேண்டும், இரண்டு பக்கத்துக்கும் பேச வேண்டும். பதிவு, கட்டணம், கடைசித் தேதி எல்லாம் அந்தந்த ஆண்டு விதிகளில் இருக்கும், படித்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: புத்தகத்தைத் தொடாதீர்கள்

காம்ப்ரமி என்பது இரண்டு நாடுகளும் ஒப்புக்கொண்டு நீதிமன்றத்திடம் கொடுக்கும் ஆவணம். பத்திகளுக்கு எண் போட்டிருக்கும். கடைசியில் இரு தரப்பும் என்ன கேட்கின்றன என்று இருக்கும், பெரும்பாலும் நான்கு கோரிக்கைகள். முதலில் அந்தக் கடைசிப் பகுதியைப் படியுங்கள். அப்புறம் முதல் பத்திக்கு வாருங்கள். என்ன கேட்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு படித்தால், சும்மா வரலாறு போலத் தெரியும் பத்திகூட ஏன் அங்கே இருக்கிறது என்று புரியும்.

திரையில் படிக்க வேண்டாம். பிரின்ட் எடுங்கள். பச்சைப் பேனா நமக்குச் சாதகம், சிவப்பு நமக்குப் பாதகம். பக்கம் மாறி எழுதும்போது நிறம் தலைகீழாகும், அதனால் இரண்டு பிரதி தேவை. சிவப்பு குறைவாக இருந்தால் நீங்கள் சரியாகப் படிக்கவில்லை என்று அர்த்தம். காம்ப்ரமி எழுதுகிறவர்கள் இரண்டு தரப்புக்கும் ஏறக்குறைய சமமாகவே சரக்கு வைத்திருப்பார்கள்.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். காம்ப்ரமியில் உள்ளவை ஒப்புக்கொண்ட உண்மைகள் என்பது சரி. ஆனால் ஒரு பத்தியில் 'அந்நாட்டு நாளிதழ் ஒன்று இவ்வாறு செய்தி வெளியிட்டது' என்று இருந்தால், ஒப்புக்கொண்டது செய்தி வந்ததை மட்டும்தான். செய்தி உண்மை என்று யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. நிகரகுவா வழக்கில், 1986 தீர்ப்பில், பத்திரிகைச் செய்திகளை எச்சரிக்கையோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும், அவை தனியாக ஓர் உண்மையை நிரூபிக்காது என்று நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. எனவே ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் 'யார் சொன்னது?' என்று பென்சிலால் எழுதுங்கள். அமைச்சரா, நாளிதழா, தன்னார்வ அமைப்பா, இரண்டு நாடுகளும் சேர்ந்தா?

இரண்டாம் படி: வீட்டில் தமிழில் சொல்லிப் பாருங்கள்

இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. நான் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவள். ஆங்கிலத்தில் வாதத்தை எழுதிவிட்டால் புரிந்துவிட்டது போல ஒரு மயக்கம் வரும். எங்கள் ஆண்டுக் காம்ப்ரமியில் ஆற்றின் குறுக்கே அணை கட்டுவது ஒரு பிரச்சினை. அடுப்படியில் காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மாவிடம் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "கட்டறதுக்கு முன்னாடி கீழ்ப்பக்கத்துக்காரங்ககிட்ட ஒரு வார்த்தை சொன்னாங்களா?" என்றார். ஓடிப்போய்க் காம்ப்ரமியைப் புரட்டினேன். அணை வேலை தொடங்கிய தேதி ஒரு பத்தியில், கடிதம் அனுப்பிய தேதி ஆறு பத்தி தள்ளி இன்னொன்றில். கடிதம் பிந்திப் போயிருந்தது. நாங்கள் நான்கு பேரும் அதைக் கவனிக்கவே இல்லை. அர்ஜென்டினாவுக்கும் உருகுவேக்கும் இடையிலான காகிதக்கூழ் ஆலை வழக்கில், 2010-இல், இதே மாதிரி முன்கூட்டித் தெரிவிக்கும் கடமையைத்தான் உருகுவே மீறியது என்று தீர்ப்பு வந்தது. எங்கள் வாதங்களில் பலமானது அதுவாகவே அமைந்தது.

மூன்றாம் படி: எந்தச் சட்டம்?

நீதிமன்றச் சட்டவிதியின் 38-ஆம் பிரிவைச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள். ஒப்பந்தங்கள், வழக்காறு (நாடுகளின் நடைமுறையிலிருந்து உருவாகும் சட்டம்), பொதுக் கோட்பாடுகள். துணைக்கு நீதிமன்றத் தீர்ப்புகளும் அறிஞர்களின் எழுத்தும்.

எந்த ஒப்பந்தத்தில் எந்த நாடு சேர்ந்திருக்கிறது என்று காம்ப்ரமியின் கடைசிப் பத்திகளில் இருக்கும். சேராத நாட்டை அந்த ஒப்பந்தத்தைக் காட்டிக் கட்டிப்போட முடியாது. அந்த விதி வழக்காறாகவும் இருக்கிறது என்று காட்டினால் முடியும். இந்தியா பாகிஸ்தான் மீது தொடுத்த குல்பூஷண் ஜாதவ் வழக்கே நல்ல உதாரணம். ஒப்பந்தங்கள் பற்றிய 1969 வியன்னா ஒப்பந்தத்தில் இந்தியாவும் இல்லை, பாகிஸ்தானும் இல்லை. இருந்தாலும் 2019 தீர்ப்பில் அதன் 31, 32-ஆம் பிரிவுகளில் உள்ள விளக்க விதிகளை நீதிமன்றம் வழக்காறு என்ற முறையில் பயன்படுத்தியது.

வழக்காறு என்று எழுதினால் இரண்டையும் காட்ட வேண்டும்: நாடுகள் அப்படி நடந்துகொள்கின்றன, சட்டக் கடமை என்று நினைத்தே நடந்துகொள்கின்றன. 1969-இன் வடகடல் வழக்கைப் படியுங்கள். இன்னொன்று, அரசுப் பொறுப்பு பற்றிய 2001 வரைவுப் பிரிவுகள் ஒப்பந்தம் அல்ல. சர்வதேச சட்ட ஆணையம் தயாரித்தது. 'எட்டாம் பிரிவை மீறினார்கள்' என்று எழுதாதீர்கள். 'எட்டாம் பிரிவில் காணப்படும் வழக்காற்று விதிப்படி அந்தச் செயல் அரசின் செயலாகும்' என்று எழுதுங்கள்.

நான்காம் படி: தீர்ப்பா, கருத்துரையா?

நான் தடுக்கி விழுந்த இடம் இது. மெதுவாகப் படியுங்கள்.

அணைப் பிரச்சினை என்றால் எல்லோரும் போகும் வழக்கு காப்சிகோவோ நாகிமரோஸ். டான்யூப் ஆற்றில் அணைத் தொகுதி கட்ட ஹங்கேரியும் செக்கோஸ்லோவாக்கியாவும் 1977-இல் ஒப்பந்தம் போட்டன. ஹங்கேரி பாதியில் விலகியது. 1997-இல் தீர்ப்பு வந்தது. கூகுளில் தேடியபோது ஒரு பிடிஎப் கிடைத்தது. திறந்தால் இலங்கையின் பழைய குளங்கள், பராக்கிரமபாகு மன்னர், மழையாகப் பெய்யும் நீரில் ஒரு துளிகூட மனிதருக்குப் பயன்படாமல் கடலுக்குப் போகக்கூடாது என்ற அவர் வாக்கு. ஏரிப் பாசன ஊரில் பிறந்த எனக்கு அதைப் படித்ததும் மயிர்க்கூச்செறிந்தது. நிலைத்த வளர்ச்சி என்பது வெறும் கருத்தாக்கம் அல்ல, சட்டவலு உள்ள நெறி என்று அதில் இருந்தது. அப்படியே எடுத்து, 'நீதிமன்றம் தீர்மானித்தது' என்று மெமோரியலில் போட்டுவிட்டேன்.

உள்ளூர் பயிற்சிச் சுற்றில் நீதிபதியாக உட்கார்ந்திருந்த மூத்த வழக்கறிஞர் அமைதியாகக் கேட்டார்: "கவுன்சல், தீர்ப்பில் எந்தப் பத்தி?" அடிக்குறிப்பில் பக்க எண் இருந்தது, பத்தி எண் இல்லை. நான் பக்கத்தைச் சொன்னேன். "அந்தப் பக்கத்தில் தீர்ப்பே முடிந்துவிட்டதே," என்றார். அதற்குமேல் எனக்குப் பேச்சு வரவில்லை.

நான் எடுத்துக் காட்டியது நீதிபதி வீரமந்திரியின் தனிக் கருத்துரை, அதாவது தீர்ப்போடு சேர்த்து அவர் தன் பெயரில் தனியாக எழுதியது. இலங்கையைச் சேர்ந்தவர், அப்போது நீதிமன்றத்தின் துணைத் தலைவர். நீதிமன்றம் தன் தீர்ப்பின் 140-ஆம் பத்தியில் நிலைத்த வளர்ச்சியைக் 'கருத்தாக்கம்' என்று மட்டும்தான் சொன்னது. 'நெறி' என்று ஒருபடி மேலே போனது அவர். இந்த ஒரு சொல் வித்தியாசத்தில்தான் எதிர்த்தரப்பு முழு வாதத்தையும் கட்டும்.

எனவே இப்படிச் செய்யுங்கள். நீதிமன்றத்தின் இணையதளத்தில் வழக்கின் பக்கத்துக்கே நேரடியாகப் போங்கள். தீர்ப்பு ஒரு கோப்பு, ஒவ்வொரு நீதிபதியின் கருத்துரையும் தனிக் கோப்பு. பக்கத்தின் தலைப்பகுதியில் அடைப்புக்குறிக்குள் நீதிபதி பெயர் இருந்தால் அது தீர்ப்பு இல்லை. அடிக்குறிப்பில் தீர்ப்புக்குப் பத்தி எண்ணைக் கட்டாயம் கொடுங்கள். கருத்துரை என்றால் நீதிபதி பெயரையும், அது தனிக் கருத்துரையா, மாறுபட்ட கருத்துரையா என்பதையும் போடுங்கள்.

கருத்துரையைப் பயன்படுத்தவே கூடாதா? தாராளமாகப் பயன்படுத்தலாம். வீரமந்திரியை நான் இன்றும் எடுத்துக் காட்டுகிறேன். முதலில் தீர்ப்பு சொன்னதை அதன் அளவிலேயே வைத்து, 'துணைத் தலைவர் வீரமந்திரி இதைவிட மேலே போகிறார்' என்று அடுத்த வரியில் எழுதுகிறேன். அவர் பெயரைச் சொல்லி எழுதுவதே அந்த எழுத்துக்குச் செய்யும் மரியாதை என்று நினைக்கிறேன்.

ஐந்தாம் படி: எழுதுவதும் கருவிகளும்

ஒவ்வொரு வாதத்தின் தலைப்பும் ஒரு முழு வாக்கியமாக, தீர்ப்பு போல இருக்கட்டும். 'முன்னறிவிப்புக் கடமை' என்று தலைப்பு வைக்காதீர்கள். 'வேலை தொடங்கும் முன் தெரிவிக்காததால் எதிர்த்தரப்பு வழக்காற்றை மீறியது' என்று வையுங்கள்.

அணியாகச் சேர்ந்து எழுதக் கூகுள் டாக்ஸ் போதும். கடைசி வாரத்தில் வேர்டுக்கு மாற்றி, அடிக்குறிப்புகளை ஒரே ஆள் சரிபார்க்க வேண்டும். நான்கு பேர் தொட்டால் நான்கு பாணி வரும். மேற்கோள் மென்பொருளெல்லாம் முதல் ஆண்டுக்குத் தேவையில்லை. ஓர் எக்செல் தாளில் வழக்கு, பத்தி எண், யார் சொன்னது, எந்த வாதத்துக்கு என்று நான்கு கட்டம் போட்டால் போதும். பாடம் கேட்க ஐநாவின் ஒலி ஒளி நூலகம் இருக்கிறது, இலவசம், பெரிய பேராசிரியர்களே பேசுகிறார்கள். காசு கொடுத்து எந்த வகுப்பிலும் சேராதீர்கள்.

பேசும் சுற்று தனிப் பதிவுக்கு உரியது. ஒரு தரப்புக்கு மொத்தம் 45 நிமிடம், எதிர்த்தரப்பின் வாதத்துக்குப் பதில் சொல்லும் ரிபட்டலும் அதற்குள்தான். மெமோரியலில் எண்களை ஒழுங்காகப் போட்டிருந்தால் மேடையில் பாதி பயம் போய்விடும்.

பின்சேர்க்கை: பதிவைப் படித்த இரண்டு பேர் ஒரே கேள்வி கேட்டிருந்தார்கள். பழைய தீர்ப்புக் கோப்பிலிருந்து நகலெடுத்தால் பிரெஞ்சும் கலந்து வருகிறதே என்று. அந்தத் தொகுதிகளில் ஒரு பக்கம் பிரெஞ்சு, எதிர்ப்பக்கம் ஆங்கிலம். நகலெடுக்காமல் கையால் தட்டச்சு செய்யுங்கள், மேற்கோள் எப்படியும் மூன்று வரிக்கு மேல் போகக்கூடாது.

இன்னொரு தம்பி, ஏஐ கொடுத்த வழக்கு ஒன்றை நீதிமன்றத் தளத்தில் தேடியும் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தார். பெயரை அனுப்பச் சொல்லி நானும் வழக்குப் பட்டியலில் தேடினேன். அப்படி ஒரு வழக்கே இல்லை. அந்த வரியையும் அதை நம்பி எழுதிய பத்தியையும் எடுத்துவிடச் சொன்னேன், எடுத்துவிட்டார். ஏஐயைப் பயன்படுத்தலாமா என்பதற்கு அந்த ஆண்டு விதிகளைப் பாருங்கள். எது எப்படி இருந்தாலும், கோப்பை உங்கள் கையால் திறந்து பத்தி எண்ணைப் பார்க்காத எந்த வழக்கும் மெமோரியலுக்குள் வரக்கூடாது.