மாதவிடாய்த் தேதிக்கு முந்தைய வாரம்: தம்பதியர் சேர்ந்து உடற்பயிற்சி தொடங்கும் முறை

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் நாங்கள் குடியிருந்த வீட்டில் நடந்த பெரிய சண்டைகளில் ஒன்று, காலியான தண்ணீர் கேனை என் கணவர் மாற்றாமல் விட்டதில் தொடங்கியது. அரை மணி நேரத்தில் பேச்சு இரு வீட்டுப் பெரியவர்கள் வரை போய், அன்றிரவு இருவருமே சாப்பிடாமல் படுத்தோம். மூன்றாம் நாள் எனக்கு மாதவிடாய் வந்தது. என் மனத்திலிருந்த பாரம் அன்றே இறங்கிவிட்டது, ஆனால் நான் பேசிய சொற்கள் அவர் மனத்தை விட்டு இறங்க மேலும் ஒரு வாரம் ஆயிற்று. இதே அனுபவம் மாதாமாதம் திரும்பும் வீடுகளுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் செய்ய வேண்டியது குறித்து வைப்பது. மளிகைக் கடையில் கொடுக்கும் மாதக் காலண்டரே போதும். கோபமோ அழுகையோ மிகுந்த நாளில் 'கோ', மார்பிலோ தலையிலோ வலி இருந்தால் 'வ', வயிறு உப்பினால் 'உ' என்று பென்சிலால் எழுதுங்கள். உடற்பயிற்சி செய்த நாளைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள். தொல்லைகள் மாதவிடாய்க்கு முந்தைய ஐந்து நாள்களில் தோன்றி, மாதவிடாய் தொடங்கிய நான்கு நாள்களுக்குள் அடங்கி, தொடர்ந்து மூன்று மாதங்கள் அப்படியே திரும்பி, அன்றாட வேலைகளையும் பாதித்தால், அதையே மருத்துவர்கள் பி.எம்.எஸ். என்கிறார்கள். மாதம் முழுவதும் மனச்சோர்வு இருந்தால் காரணம் வேறாக இருக்கலாம். கருமுட்டை வெளிவந்த பிறகு ஏறி இறங்கும் ஹார்மோன்களுக்குச் சில பெண்களின் மூளை கூடுதலாக எதிர்வினை காட்டுகிறது. மனநிலையைச் சீராக வைக்கும் செரட்டோனின் என்ற மூளை வேதிப்பொருளும் அதில் தடுமாறுகிறது. இது குணக்கேடு அல்ல என்பதைக் கணவர் மட்டுமல்ல, மனைவியும் நம்ப வேண்டும்.

உடற்பயிற்சியில் பலர் செய்யும் தவறு, உடம்பு படுத்தத் தொடங்கிய பிறகு காலணியைத் தேடுவதுதான். மாதவிடாய் முடிந்து உடம்பு இலேசாக இருக்கும் வாரத்தில் தொடங்கி, மாதம் முழுவதும் விடாமல் செய்தால்தான் பலன் தெரியும். அதற்கும் இரண்டு மூன்று மாதங்கள் பொறுக்க வேண்டும். அளவு அதிகமில்லை: நாளுக்கு 30 நிமிடம், வாரத்தில் ஐந்து நாள் விரைவு நடை. நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். இது எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் உறக்கமும் எரிச்சலும் சீராவதைப் பலர் உணர்கிறார்கள், எனக்கும் உறக்கம்தான் முதலில் திரும்பியது.

எங்கள் ஊரில் இதற்குக் கடற்கரைச் சாலையை விடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. மாலை 6 மணி முதல் காலை 7.30 மணி வரை அங்கே வண்டிகள் வருவதில்லை. காந்தி சிலையைக் கடந்து ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்த் திரும்பினால் ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகிவிடும். கோடையில் விடியற்காலையே நல்லது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நடை விட்டுப்போகாமல் இருக்க, கூடத்திலேயே நின்ற இடத்தில் நடப்பதும், நாற்காலியில் உட்கார்ந்து எழுவதைப் பத்துப் பத்தாக மூன்று முறை செய்வதும் போதுமானவை.

தொல்லை மிகுந்த நாள்களில் வேகத்தைக் குறையுங்கள், நிறுத்தாதீர்கள். மார்பு வலித்தால் குதிப்பதையும் ஓடுவதையும் தவிர்த்து, இறுக்கமாகத் தாங்கும் உள்ளாடை அணியுங்கள். இடுப்பு கனத்தால் மண்டியிட்டு, நெற்றி தரையில் படக் குனியும் பாலாசனத்தில் இரண்டு நிமிடம் மெதுவாக மூச்சு விடுவது இதமாக இருக்கும். காபியையும் ஊறுகாய், அப்பளம் போன்ற உப்புப் பண்டங்களையும் அந்த வாரம் குறைப்பது நல்லது.

இனி கணவர்களுக்கு. "என்ன, தேதி நெருங்குதா?" என்ற கேள்வியை, அன்பாகக் கேட்பதாக நினைத்தாலும், சண்டைக்கு நடுவில் கேட்காதீர்கள். அந்த நாள்களில் மனைவி சொல்லும் குறை பெரும்பாலும் மாதம் முழுவதும் இருப்பதுதான். பொறுத்துக்கொள்ளும் தெம்புதான் அன்று குறைகிறது. தண்ணீர் கேன் உண்மையிலேயே மாற்றப்படவில்லை! நடக்கக் கூப்பிடுவதும் உபதேசமாகிவிடக் கூடாது. "நட, சரியாப்போகும்" என்பது வேறு. என் கணவர் ஒரு நாள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று, "வா, ஒரு சுற்று போய்ட்டு வரலாம், பேச வேண்டாம்" என்றது வேறு. அன்று பழைய கலங்கரை விளக்கம் வரை பேசாமல் நடந்தோம். திரும்பும்போது நானே பேசத் தொடங்கினேன். மனைவி வரவில்லை என்றால், அந்த அரை மணி நேரத்தில் பாத்திரத்தைக் கழுவி, பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு அவளைத் தனியே விடுங்கள். பணம், பெற்றோர், பிள்ளைகளின் பள்ளி போன்ற கனமான பேச்சுகளை நல்ல வாரத்தின் நடைக்கென்று ஒதுக்கி வைக்க இருவரும் முன்கூட்டியே ஒப்புக்கொள்ளுங்கள். மனைவியும், பேசிய கடுஞ்சொல்லுக்கு மட்டும் வருத்தம் தெரிவித்து, நியாயமான குறையை நல்ல வாரத்தில் மீண்டும் எடுத்து வையுங்கள்.

மூன்று மாதங்கள் நடந்தும் வேலையும் உறவும் குலையும் அளவுக்குத் துயரம் இருந்தால், அது பி.எம்.டி.டி. எனப்படும், பி.எம்.எஸ். தொல்லையின் கடுமையான வகையாக இருக்கலாம். அதற்கு நல்ல மருந்துகள் உண்டு. ஜிப்மரிலோ அருகிலுள்ள மருத்துவமனையிலோ மகளிர் நல மருத்துவரைப் பாருங்கள். இரத்தச் சோகையையும் தைராய்டையும் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் மாதவிடாய் வரட்டும் என்று காத்திருக்காமல் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை அழையுங்கள், இரவிலும் எடுப்பார்கள். மருத்துவரிடம் போகும்போது இருவரும் சேர்ந்தே போங்கள், பென்சில் குறிகளோடு அந்தக் காலண்டரையும் எடுத்துச் செல்லுங்கள்.