கேலிக் மொழிகளில் பெண்பால் பெயர்: 'பன்' முன்னொட்டில் நேரும் பிழைகள்

ஸ்காட்லாந்து கேலிக்கிலும் ஐரிஷிலும் பதவி, தொழில், உறவுப் பெயர்களைப் பெண்பாலாக்க முன்னால் 'பன்' சேர்ப்பார்கள். சேர்ப்பது எளிது. அடுத்து வரும் ஒலி என்ன ஆகிறது என்பதில்தான் கற்பவர்கள் தடுமாறுகிறார்கள்.

ஸ்காட்லாந்து கேலிக்கில் உதட்டிலோ தொண்டையிலோ பிறக்கும் வல்லொலி, மகர ஒலி வந்தால் முன்னொட்டு 'பன' ஆகும். அந்த ஒலியும் மெலியும், அதாவது ப 'ஃப' ஆகவும் க 'ஹ' ஆகவும் ம 'வ' ஆகவும் இளகும். இளவரசன் 'ப்ரியூன்ஸ', இளவரசி 'பன-ஃப்ரியூன்ஸ'. நண்பன் 'காரிச்', தோழி 'பன-ஹாரிச்'. மெலிக்காமல் 'பன-ப்ரியூன்ஸ' என்றால் பிழை. நுனிநாவில் பிறக்கும் ட, ஸ போன்றவற்றின் முன் 'பன்' அப்படியே நிற்கும்; எதுவும் மெலியாது. ஆசிரியை 'பன்-டீச்சர்'. னகரமும் டகரமும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் பிறப்பதால் மெலிவு தடைபடுகிறது. விதியை மிகையாகப் பிடித்துக்கொண்டு 'பன-ஹீச்சர்' என்பவர்கள் உண்டு, அதுவும் தவறே. ஐரிஷிலும் இதே தடை உண்டு, ஆனால் 'பன' வடிவம் கிடையாது.

அடுத்த பிழை, முன்னொட்டைச் சேர்த்ததோடு நின்றுவிடுவது. ஸ்காட்லாந்து கேலிக்கில் அந்தச் சொல் இலக்கணப்படியும் பெண்பால் என்பதால், ஆங்கில 'the' போன்ற சுட்டுச்சொல் வந்தால் முன்னொட்டே மெலியும்: 'அ வன்-டீச்சர்'. பின்வரும் பெயரடையும் மெலியும்: நல்ல ஆசிரியை 'பன்-டீச்சர் வா', 'மா' அல்ல. ஐரிஷில் இதைக் கண்மூடி நம்பக் கூடாது. தேவியைக் குறிக்கும் 'பன்டியா' இலக்கணப்படி ஆண்பாலாகவே நிற்கிறது. ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதியில் பால் பார்த்தே ஆக வேண்டும்.

'பன்' என்று காதில் விழுவதெல்லாம் இந்த முன்னொட்டு அல்ல. ஐரிஷில் நெடிலாக வரும் 'பான்' வெள்ளை. 'பனிஷ்டோர்' மேலாளர், ஆணோ பெண்ணோ. 'பன் ஷீ' எனும் மரண ஓலமிடும் மாயப்பெண்ணின் பெயர் இரண்டு தனிச்சொற்கள். பன்மையில் முதற்சொல்லே மாறி 'ம்னா ஷீ' ஆகும். முன்னொட்டுச் சொற்களிலோ பன்மை விகுதி கடைசியில்தான் ஏறும்.

ஐரிஷில் பெண்பூனைக்கும் முன்னொட்டு வேண்டாம். 'கட் பன்யன்' என்று பின்னால் அடை வரும்.

எங்கே சேர்க்காமல் விடுவது என்பதும் முக்கியம். அயர்லாந்துக் காவல்துறையில் 1959-இல் சேர்ந்த முதல் பெண்கள் 'பன்-கார்டா' எனப்பட்டார்கள். 1990-இல் அந்தப் பட்டம் நீங்கியது. இன்று இருபாலரும் 'கார்டா'தான். ஸ்காட்லாந்திலும் ஆசிரியையை வெறும் 'டீச்சர்' என்றே பலர் சொல்கிறார்கள்.