சின்னப் பொலிஸ் கேஸ் இருக்கிறதா? முதல் விமானி வேலைக்கு முன் செய்யவேண்டியவை

திருவிழாவில் ஒரு கைகலப்பு, பாடசாலை மேட்ச் முடிந்து ஒரு அடிபிடி, லைசன்ஸ் இல்லாமல் ஓடிப் பிடிபட்டது. இப்படி ஒன்று இருந்தாலே கொக்பிட் பக்கம் போக முடியாது என்று ஊரில் சொல்பவர்கள் நிறைய. அவ்வளவு கடுமை இல்லை. ஒரு படிவத்தில் "இல்லை" என்றும் இன்னொன்றில் "ஆம்" என்றும் எழுதுகிறவர்தான் அதிகம் மாட்டுப்படுகிறார். பழைய கேஸின் ஆவணங்களை ஒழுங்குபடுத்தும் வேலையை, இரத்மலானையில் விமானப் பயிற்சிக்குப் பறப்புக் கட்டணம் கட்டுவதற்கு முன்னரே தொடங்குங்கள். வர்த்தக விமானி உரிமத்துக்கு வழமையாக 200 மணித்தியாலப் பறப்பு வேண்டும்; அந்தக் காசைக் கொட்டிய பிறகு பழைய கேஸைத் தோண்டுவது புத்தியில்லை.

படி 1: உங்கள் கேஸ் எப்படி முடிந்தது?

பலர் தடுமாறும் இடம் இதுதான். "தண்டம் கட்டினேன், முடிஞ்சுது" என்று சொன்னால் போதாது. எங்கே கட்டினீர்கள்? பொலிஸார் வீதியில் எழுதித் தந்த தண்டத் துண்டுக்குத் தபாலகத்தில் கட்டியிருந்தால் நீதிமன்றம் வரை போகவில்லை. நீதவான் முன் குற்றத்தை ஒப்புக்கொண்டு கட்டியிருந்தால், தொகை எவ்வளவு சிறிதானாலும் நீங்கள் குற்றவாளியாகக் காணப்பட்டவர். ஒத்திவைத்த சிறைத்தண்டனையும் அப்படித்தான். உள்ளே போகவில்லை என்பதால் அது இல்லாமல் போகாது.

இலங்கையின் 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 306 ஆம் பிரிவு வேறு. அதன்கீழ் நீதவான் வயதையும் நடத்தையையும் பார்த்து, குற்றத்தீர்ப்புப் பதியாமலே எச்சரித்தோ நிபந்தனையோடோ விடலாம். மத்தியஸ்த சபையில் இணக்கமாகி முடிந்ததும் குற்றத்தீர்ப்பு அல்ல. ஆனால் கைதானது கைதானதுதான். படி 4 இல் அது திரும்ப வரும்.

படி 2: நீதிமன்றப் பிரதி

வழக்கு இலக்கத்தோடு உரிய நீதவான் நீதிமன்றப் பதிவாளரிடம் சான்றுப்படுத்திய பிரதிக்கு விண்ணப்பியுங்கள். இலக்கம் தெரியாவிட்டால் பொலிஸ் நிலையமும் முறைப்பாட்டுத் திகதியும் தேவை. மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்று ஏடுகள் தமிழில் இருக்கும், அம்பாறை நகரில் சிங்களத்தில். எதுவானாலும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலப் பிரதி எடுத்துவிடுங்கள்.

தவணைக்குப் போகாமல் விட்ட கேஸ் தானாகச் செத்துவிடாது. பிடியாணையோடு உயிராகக் கிடக்கும். அப்படியானால் முதலில் சட்டத்தரணி மூலம் நகர்த்தல் பத்திரம் (வழக்கைத் திரும்ப எடுக்கக் கேட்கும் மனு) போட்டு அதை முடியுங்கள். வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் மட்டக்களப்பு அலுவலகத்தை நாடலாம்.

படி 3: பொலிஸ் கிளியரன்ஸ்

உங்கள் மேல் குற்றப் பதிவு உண்டா என்று பொலிஸ் தரும் இந்தச் சான்றிதழுக்கு இலங்கைப் பொலிஸின் இணையத்தளத்தில் விண்ணப்பிக்கலாம். அடையாள அட்டை, கடவுச்சீட்டு இரண்டிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா பாருங்கள். ஒன்றில் முதலெழுத்து, மற்றதில் முழுப்பெயர் என்றால் இழுபடும். வசித்த முகவரிகள் எல்லாவற்றையும் காலத்தோடு எழுத வேண்டும். பயிற்சிக்காக இரத்மலானை, தெஹிவளைப் பக்கம் போர்டிங்கில் இருந்ததை விட்டுவிடுகிறார்கள். அந்தப் பகுதிப் பொலிஸிலும் விசாரிக்க வேண்டியிருப்பதால், விட்டால் தாமதம் உங்களுக்குத்தான்.

படி 4: கேள்வியை எழுத்தெண்ணி வாசியுங்கள்

வேலை விண்ணப்பப் படிவம் குற்றவாளியாகக் காணப்பட்டீர்களா என்று மட்டும் கேட்டால், 306 இல் விடுபட்டவர் சட்டத்தரணியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு "இல்லை" எழுதலாம். கைதானீர்களா, குற்றஞ்சாட்டப்பட்டீர்களா என்று கேட்டால் "ஆம்" தவிர வேறு பதில் இல்லை. வளைகுடா விமான நிறுவனம் ஒன்றில் சேர்ந்து அமெரிக்காவுக்குப் பறக்க விசா எடுக்கும்போது நிரப்பும் டிஎஸ்-160 படிவம், மன்னிப்புக் கிடைத்திருந்தாலும் கைதானதைக் கேட்கும்.

"ஆம்" எழுதினால் நான்கு வரி இணையுங்கள்: திகதியும் நீதிமன்றமும், என்ன குற்றச்சாட்டு, எப்படி முடிந்தது, அதன் பிறகு எதுவும் இல்லை என்பது. "கூட்டாளிமார்தான் இழுத்துவிட்டார்கள்" என்ற புராணம் வேண்டாம். எல்லா நிறுவனத்துக்கும் ஒரே கடிதம். அனுப்பியதன் நகலை வைத்திருங்கள்.

படி 5: எது உண்மையில் பாரம்?

குடிபோதையில் வாகனம் ஓட்டியதும் போதைப்பொருளும். இவை நன்னடத்தையோடு நிற்காமல், வர்த்தக விமானிக்கு வேண்டிய முதலாம் வகுப்பு மருத்துவச் சான்றிதழையும் தொடும். மருத்துவப் பரிசோதனைப் படிவத்தில் மறைத்தது பிறகு தெரிந்தால் உரிமத்துக்கே ஆபத்து. கையில் கொஞ்சம் கஞ்சா என்பதை ஊர் சின்னதாகப் பார்க்கலாம், விமானத்துறை பார்க்காது.

அடுத்தது களவு, ஏமாற்று, கள்ள ஆவணம். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் பாதுகாப்பு விதிகளான 17 ஆம் இணைப்பு, விமான நிலையத் தடைப் பகுதிக்குள் துணையின்றிப் போகிறவரின் பின்னணியைச் சோதிக்கச் சொல்கிறது. 2018 இல் சிவில் பறப்புக்குத் திறந்த மட்டக்களப்பு போன்ற சின்ன நிலையத்துக்குப் பறப்பவருக்கும் தடைப் பகுதிக்குள் போகும் அனுமதி அட்டை வேண்டும். ஆகவே நேர்முகத்தில் தெரிவானதும் பழைய வேலையை விட்டுவிடாதீர்கள். அட்டை கைக்கு வந்த பிறகு இராஜினாமா எழுதலாம்.